கொப்பி நிறையும், வாசிப்பு வராது: வன்னியில் ஒரு தரம் 3 வகுப்பு

இங்கே வரும் வகுப்பு எந்த ஒரு பள்ளிக்கூடத்தினதும் படம் அல்ல. இலங்கையின் வடக்கே வன்னியின் சிறிய பள்ளிக்கூடங்களில் திரும்பத் திரும்பக் காணும் நிலைகளை ஒரே கூரையின் கீழ் சேர்த்துக் கட்டியது. பிள்ளைகளுக்கு மரங்களின் பெயர் வைத்திருக்கிறோம்: வீரை, பாலை, நாவல், முதிரை.

தரம் 3. மொத்தம் 22 பிள்ளைகள். குளத்தின் கீழ்ப்பக்கத்துக் குடியேற்றம். அரைச்சுவர், தகரக் கூரை, ஒரு கரும்பலகை. பெற்றோரில் பலர் 2008, 2009 இடப்பெயர்வில் தங்கள் படிப்பே முறிந்துபோனவர்கள். சில வீடுகள் 1958, 1977 கலவரங்களுக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்து காடு வெட்டிக் குடியேறியவர்களின் வழி. அதனால் ஒரு வாங்கிலேயே மூன்று தமிழ் இருக்கும்: ஒரு பிள்ளை "வருகினம்" என்கிறது, பக்கத்துப் பிள்ளை "வர்றாங்க" என்கிறது, புத்தகம் "வருகிறார்கள்" என்கிறது.

வகுப்பாசிரியரின் பட்டியலில் நான்கு பேர் "மெல்லக் கற்போர்". நால்வரும் பின்வரிசை. நாவலுடையதைத் தவிர மற்ற மூன்று கொப்பிகளும் நிறைந்திருக்கின்றன. கரும்பலகையில் இருப்பதைப் பார்த்து எழுதுவதற்கு வாசிக்கத் தெரியவேண்டியதில்லை. கோலம் போடத் தெரிந்தால் போதும். வடிவான கையெழுத்தில் 40 பக்கம் எழுதிய பிள்ளை, அதில் ஒரு வரியைத் தனியே வாசிக்கச் சொன்னால் நின்றுவிடும். பார்த்தெழுதலில் தொடங்கிப் பார்த்தெழுதலில் முடியும் பாடம் எந்தப் பிள்ளைக்கு வாசிப்பு எங்கே அறுகிறது என்பதை மூடிவிடுகிறது. நான்கு வேறு காரணங்கள் ஒரே பெயரில் ஒரே வாங்கில் இருந்தது அப்படித்தான்.

எங்கே அறுகிறது என்று பார்த்தது

ஒரு பிள்ளைக்கு 7 அல்லது 8 நிமிடம், நாளுக்கு நான்கு பிள்ளை. ஆறு நாளில் வகுப்பு முடியும். நால்வரை மட்டும் கூப்பிட்டுப் பார்ப்பது பிழை. கூப்பிட்டவுடனே அவர்கள் யார் என்று மற்ற 18 பேருக்கும் தெரிந்துவிடும். தவிர, பட்டியலில் இல்லாத பிள்ளையிலும் ஓட்டை இருக்கும்.

முதலில் காது. "படம், பல், மரம்: எது வேறு எழுத்தில் தொடங்குகிறது?" "கடல் என்பதில் க-வை எடுத்தால் மிச்சம் என்ன?" இதற்குத் தாள் தேவையில்லை.

பிறகு எழுத்து அட்டைகள் இருபது, வரிசை குலைத்து. அதன்பின் ஒரே மெய்யின் உயிர்மெய்கள்: கே, கு, கொ, கி, கை, கூ. இங்கேதான் உதட்டைப் பார்க்கவேண்டும். கே-யைக் காட்டியதும் பிள்ளையின் உதடு "க, கா, கி, கீ..." என்று ஓடி, கே-யில் வந்து நின்றால், அந்தப் பிள்ளைக்குப் பாட்டுத் தெரியும், எழுத்துத் தெரியாது. நெடுங்கணக்கை மனனம் செய்த பிள்ளை இரண்டு விநாடிக்கு மேல் எடுக்கும். எழுத்தை அறிந்த பிள்ளை உடனே சொல்லும். 247 எழுத்தையும் ஒப்புவிக்கும் பிள்ளை வாசிக்காமல் இருப்பதன் மர்மம் இவ்வளவுதான்.

அடுத்தது பொருளில்லாத சொற்கள்: பேமு, தீகோ, லொபு, நைடு. தெரிந்த சொல்லைப் படத்தைப் பார்த்தும் முதலெழுத்தைப் பார்த்தும் ஊகிக்கலாம். இவற்றை ஊகிக்க வழியில்லை.

பிறகு ஆறு வரிப் பந்தி, ஒரு நிமிடம் உரத்த வாசிப்பு. நிமிடத்துக்கு எத்தனை சொல் என்று எண்ணுவது தமிழுக்குப் பொருந்தாது. "கல்" ஒரு சொல், "வந்துகொண்டிருக்கிறார்கள்" என்பதும் ஒரு சொல். முன்னதில் 2 எழுத்து, பின்னதில் 13. எழுத்தை எண்ணுங்கள். பிழையாக வாசித்ததை "பிழை" என்று குறிக்காமல், பிள்ளை சொன்னதை அப்படியே எழுதுங்கள். மருந்து அந்தப் பிழையில்தான் இருக்கிறது.

கடைசியாக வேறொரு பந்தியை ஆசிரியர் வாசித்து மூன்று கேள்வி கேட்பது. முதலில் புத்தகத் தமிழில், பதில் வராவிட்டால் அதையே கதைக்கிற தமிழில். இரண்டாவது முறை பதில் வந்தால், பிள்ளைக்கு விளங்காதது கதை அல்ல, புத்தகத்தின் தமிழ். கேட்டு விளங்குகிறது, வாசித்தால் விளங்கவில்லை என்றால் தடை எழுத்தில். வாசிப்பு ஓடுகிறது, கேட்டாலும் விளங்கவில்லை என்றால் மொழியையோ காதையோ பார்க்கவேண்டும். கூடவே ஐந்து சொல் சொல்வதெழுதல். அவ்வளவே.

நான்கு பிள்ளைகள், நான்கு காரணங்கள்

வீரை "கொடி" என்பதை "கெரடி" என்று வாசிக்கிறான். "பொட்டு" அவனுக்கு "பெரட்டு", "கோழி" அவனுக்கு "கேரழி". இது கவனக்குறைவு அல்ல, ஒழுங்கான பிழை. அவன் இடமிருந்து வலமாகக் கண்டதைக் கண்டபடியே வாசிக்கிறான்: கொம்பு, க, பிறகு கால். அந்தக் காலை அவன் ர என்று எடுத்துக்கொள்கிறான். அச்சில் ர-வுக்குக் கீழே சாய்ந்த வால் இருக்கும். கரும்பலகையில் அவசரமாக எழுதும்போது அந்த வால் பல ஆசிரியர்களின் கையில் இல்லாமல் போகிறது. இந்த வகுப்பிலும் அப்படியே. பாதிப் பிழை வெண்கட்டியில் இருந்தது என்று சொன்னால் மிகையில்லை. மற்றப் பாதி எழுத்தின் அமைப்பில் இருக்கிறது: வாயில் க் முதலிலும் ஒ பிறகும் வர, கண்ணுக்குக் கொம்பு முதலில் வருகிறது. எழுதும்போது தோட்டம் "தேட்டம்" ஆவதும் இதனால்தான். கொம்பைப் போட்ட கை, திரும்பி வந்து கால் போட மறந்துவிடுகிறது.

பாலைக்கு அடிக்கடி காதில் சீழ். நாளுக்கு நாள் மாறும் பிள்ளை: திங்கள் நன்றாகப் பதில் சொல்வாள், வியாழன் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பாள். "செவிடு இல்லை, கூப்பிட்டால் திரும்புகிறாள்" என்று வீட்டில் சொல்வார்கள். கூப்பிட்டால் திரும்புவது உயிரொலிகளுக்கு. நடுக்காதில் நீர் கட்டியிருந்தால் முதலில் போவது மெல்லிய மெய்யொலிகள். தமிழில் இதற்கு விலை கூட. மரத்தை, மரத்தில், மரத்தின், மரத்தால்: யார் எதை எங்கே என்பதெல்லாம் சொல்லின் வாலில் இருக்கிறது, அந்த வாலைத்தான் நாம் மெதுவாகச் சொல்லி விழுங்குகிறோம். சொல்வதெழுதலில் அவள் "மரத்தில்", "மரத்தின்" இரண்டையும் "மரத்து" என்றே எழுதினாள். ஐப்பசி, கார்த்திகை மழையில் தகரக் கூரைக்குக் கீழே இருந்தால் நல்ல காது உள்ள பிள்ளைக்கே வால் கேளாது.

நாவலுக்குப் பிறப்பிலிருந்தே மூளை வாதம். வலது கை இறுகியது, பேச்சு இழுபடும். கொப்பியில் மூன்று வரிக்கு மேல் இல்லை, தவணைப் பரீட்சையில் புள்ளி இல்லை. அட்டையைத் தொட்டுக் காட்டச் சொன்னபோது பொருளில்லாத சொற்களைக்கூடத் தவறாமல் தேர்ந்தெடுத்தான். வகுப்பில் வாசிக்கத் தெரிந்த முதல் ஐந்து பேரில் அவன் ஒருவன். எழுத்தில் மட்டுமே பதில் கேட்கும் வகுப்பு அதைக் கண்டுபிடிக்க மூன்று வருடம் எடுத்திருக்கிறது.

முதிரைக்கு டவுன் சின்ட்ரோம், பிறவியிலேயே வந்து கற்றலை மெதுவாக்கும் நிலை. இப்படியான பிள்ளைகளில் பலர் காதால் வாங்குவதைவிடக் கண்ணால் வாங்குவதைக் கெட்டியாகப் பிடிப்பார்கள். கேட்டல் குறைபாடும் இவர்களிடம் அதிகம். எனவே காதுப் பரிசோதனையைத் தள்ளிப்போடக்கூடாது. ஒலிகளைப் பிரித்துச் சேர் என்று தொடங்கினால் அவள் விலகிவிடுகிறாள். தன் பெயரையும் "அம்மா"வையும் முழுச் சொல்லாகவே அறிந்திருந்தாள், ஒருவரும் கேட்டதில்லை.

பாடத்தை மாற்றியது

முதல் இரண்டு வாரம் செய்தது பிழை. நால்வரையும் ஒரு மூலையில் பாய் போட்டு இருத்தி, சிலேற்றும் வெண்கட்டியும் கொடுத்துத் தனிவேலை நடந்தது. மூன்றாம் நாளே அந்த மூலைக்கு "மொக்கு மூலை" என்று பெயர் வந்துவிட்டது. அதைவிட மோசம், வகுப்பின் கதை, சிரிப்பு, கேள்வி எல்லாம் மறுபக்கத்தில் நடந்தன. மொழி அதிகம் தேவைப்பட்டவர்களுக்கே மொழி குறைந்தது. வலுவிழந்தோரின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் வலுவிழப்பைக் காரணம் காட்டிக் கல்வி நிறுவனத்தில் அனுமதி மறுப்பதைத் தடுக்கிறது. பள்ளிக்குள் எடுத்தபின் மூலையில் இருத்துவதைச் சட்டம் வந்து பார்க்கப்போவதில்லை. அதை வகுப்புத்தான் பார்க்கவேண்டும்.

பிறகு 60 நிமிடம் இப்படி அமைந்தது.

முதல் 15 நிமிடம் பொதுக் கதை. பிள்ளைகள் சொல்லும் செய்தியையே பாடமாக்குவது. "யானை வந்து வேலியை முறிச்சுப்போட்டுது" என்று ஒரு பிள்ளை சொன்னால், ஆசிரியர் அதை அப்படியே இடப்பக்கம் எழுதுகிறார், வலப்பக்கம் "யானை வந்து வேலியை முறித்துவிட்டது." ஐந்து வரி போதும், ஏழுக்கு மேல் போனால் பின்வரிசை கழன்றுவிடும். இரண்டு பக்கமும் சரி. ஒன்று கதைக்கிறது, மற்றது புத்தகத்தினது. இடப்பக்கத்தைத் திருத்த வெளிக்கிட்டால் பிள்ளை அடுத்த நாள் வாயே திறக்காது.

எழுதுவது பெரிய நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில், தடித்த கறுப்பு மாக்கரால், 4 செ.மீ. உயரத்தில். 6 மீற்றர் தூரத்தில் வழமையான பார்வை பிரித்தறியக்கூடிய எழுத்தின் உயரம் ஏறத்தாழ 9 மில்லிமீற்றர். அது எல்லை, வசதி அல்ல. கண்ணாடி தேவை என்று இன்னும் ஒருவரும் அறியாத பிள்ளை எந்த வகுப்பிலும் இருக்கலாம். தமிழில் ண-வுக்கும் ன-வுக்கும் இடையில் ஒரு சுழிதான். தாளைத் தொங்கவிடும் இடமும் முக்கியம்: அரைச்சுவர்ப் பக்கம் தொங்கவிட்டால் வெளிச்சம் கண்ணில் அடிக்கும்.

அடுத்த 20 நிமிடம் எழுத்து. நெடுங்கணக்கு வரிசை விடப்பட்டது. க-வை எடுத்துக் கௌ வரை போவதற்குப் பதிலாக ஒரு குறியை எடுத்து எல்லா மெய்யிலும் ஏற்றுவது. முதலில் ப, ட, ம, க, ல, ர என்ற ஆறு எழுத்தும் புள்ளியும்: படம், மரம், கடல், கல், மலர். பிறகு கால்: பால், காகம், பாடம். ர-வும் காலும் சந்திக்கும் இந்த இடத்திலேயே வாலைச் சிவப்பால் எழுதிக் காட்டவேண்டும். உகரம் வந்ததும் பிள்ளைகள் தடுமாறுவது இயல்பு, ஏனென்றால் அங்கே ஒரு குறி இல்லை, மூன்று குடும்பம் இருக்கிறது: கு, டு, மு, ரு, ழு, ளு வளைந்து சுற்றும், சு, பு, யு, வு, ஙு கீழே இறங்கும், து, நு, ணு, லு, று, னு, ஞு இறங்கித் திரும்பி ஏறும். குடும்பத்துக்கு ஒரு வாரம். ண-வும் ன-வும் ஒரே வாரத்தில் வரக்கூடாது. ல, ள, ழ மூன்றையும் ஒரே நாளில் பக்கம் பக்கமாக எழுதி "வித்தியாசத்தைப் பார்" என்பது குழப்பத்தைக் கற்பிப்பதாகும். ஒன்று கைக்கு வந்து இரண்டு கிழமையாவது போனபின் மற்றது.

கொம்புக்கு அட்டை. பிஸ்கட் பெட்டியை வெட்டி மெய்யெழுத்துக்கு 8 செ.மீ. சதுரம், குறிகளுக்கு 4 க்கு 8. ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, ஐகாரக் குறி, கால், இரண்டு பிள்ளைகள் கொண்ட சோடிக்கு ஒரு தொகுதி. செய்கை இப்படி: பிள்ளை முதலில் க-வை வைக்கும், "க்" என்று சொல்லும். "ஒ" என்று சொல்லிக்கொண்டே இடக்கையால் கொம்பையும் வலக்கையால் காலையும் ஒரே நேரத்தில் இரு பக்கமும் தள்ளி க-வை அணைக்கும். "கொ." இரண்டு கையும் சேர்ந்து வந்தால்தான் ஒலி வரும் என்று உடம்புக்குத் தெரிந்துவிட்டால், கால் தனியே ர ஆகாது. நாளுக்கு ஆறு சொல். அதில் இரண்டு பொருளில்லாதவை. எழுதுவது அதற்குப் பிறகு. உகர, ஊகார எழுத்துகளுக்குத் தனி அட்டை வேண்டும், குறியைக் கழற்ற முடியாது.

இதை 22 பேரும் செய்கிறார்கள். வீரைக்கென்று செய்த அட்டை, பட்டியலில் இல்லாத வேறு சிலருக்கும் வேண்டியிருந்தது.

மிச்ச 25 நிமிடம் சோடி வாசிப்பும் பதிலும். பதில் மூன்று வழியில் வரலாம்: எழுதி, அட்டை அடுக்கி, அல்லது சொல்லி. யார் எந்த வழி என்பது பிள்ளையின் தெரிவு. வாரத்தில் ஒரு நாளாவது எல்லோரும் அட்டை அடுக்குவார்கள், ஆகவே நாவல் மட்டும் தனித்துத் தெரியமாட்டான். அவனுக்கு மேசையில் பழைய பெட்டிக் கோப்பு ஒன்று சரிவாக, தாள் நான்கு மூலையிலும் செலோரேப்பால் ஒட்டி. பென்சிலில் சைக்கிள் ரியூப் கீலம் சுற்றி, பெருவிரல் தடிப்புக்குக் கொண்டுவந்தார்கள். எழுதுவது ஒரு நாளைக்கு ஒரு வரி. அவனுக்கு எழுத்து என்பது கைப்பயிற்சி. வாசிப்பின் அளவுகோல் அல்ல.

முதிரைக்கு அதே கதை, அதே தாள், சிறிய பங்கு. "யானை" என்ற சொல் அட்டையைப் பிடித்துக்கொண்டு தாளில் அது வரும் இடமெல்லாம் தொட்டுக் காட்டுவது அவள் வேலை. கதை அவளிடம் நின்றுதான் நகரும். புதுச் சொல் வாரத்துக்கு இரண்டு. ஒவ்வொன்றுக்கும் மூன்று படி: அட்டையோடு அட்டை பொருத்துவது, இரண்டில் "யானை எது, எடு" என்றால் எடுப்பது, கடைசியாகத் தானே சொல்வது. மூன்றாவது படியிலிருந்து தொடங்குவதுதான் வழமையான பிழை. "இது என்ன?" என்று அட்டையை நீட்டினால் பரீட்சையாகிவிடுகிறது. பழைய ஐந்து சொல் தினமும் திரும்ப வரவேண்டும்.

பாலையின் இடம் மாறியது: முன்வரிசை, ஆசிரியர் நிற்கும் இடத்திலிருந்து ஒன்றரை மீற்றர், நல்ல காது வகுப்பை நோக்கி. தூரம் இரட்டித்தால் ஒலி ஏறத்தாழ 6 டெசிபல் குறையும் என்பதால் முன்வரிசையே பாதி மருந்து. ஆசிரியர் வெளிச்சம் தன் முகத்தில் விழ நிற்கவேண்டும். அரைச்சுவருக்கு முதுகு காட்டினால் முகம் இருளும், உதடு தெரியாது. பலகையில் எழுதிக்கொண்டே கதைக்கக்கூடாது. இந்தக் கடைசி விதிதான் எல்லா ஆசிரியர்களுக்கும் கஷ்டமானது. மழை தொடங்கினால் கேட்டல் வேலை நிற்கும், அட்டை வேலை தொடங்கும். சத்தம் போட்டு மழையை வெல்ல முடியாது.

காதுக்குப் பாடசாலை மருத்துவப் பரிசோதனை ஒரு வாசல். பிள்ளைத்தொகை 200க்குக் குறைந்த பள்ளிக்கூடங்களில் எல்லா வகுப்பும் பார்க்கப்படும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வரும் நாளுக்கு முன்பே ஆசிரியர் பெயரும் கண்டதும் எழுதி வைக்கவேண்டும்: "வலது காது சீழ், கிழமையில் இரண்டு நாள் பதில் இல்லை, சொல்லின் இறுதி கேட்பதில்லை." "கவனமில்லை" என்று எழுதினால் காது, தொண்டை, மூக்கு சிகிச்சை நிலையத்துக்கு ஒருவரும் அனுப்பமாட்டார்கள். சீழ் வரும் காதுக்குள் எண்ணெய் விடவேண்டாம் என்பதையும் வீட்டுக்குச் சொல்லவேண்டும்.

சறுக்கியவை

சோடி வாசிப்பு முதல் வாரம் பொய். வாசிக்கத் தெரிந்த பிள்ளை ஓடிவிடும், மற்றது தலையாட்டும். இரண்டு விதி அதைச் சரிசெய்தது: எழுத்தைத் தொடும் விரல் தடுமாறும் பிள்ளையினுடையது, மற்றவர் மனதுக்குள் ஐந்து எண்ணிய பிறகே சொல்லலாம். கூட்டு வாசிப்பும் அப்படித்தான். 22 குரலில் நான்கு குரல் வாயசைப்பது கேட்காது. கூட்டு வாசிப்பு உற்சாகத்துக்கு, சோதனைக்கு அல்ல.

அட்டைகள் கார்த்திகையில் பூஞ்சணம் பிடித்தன, அலுமாரியின் கீழ்த்தட்டில் இருந்ததைக் கறையான் தின்றது. இரண்டாம் தொகுதி மூடியுள்ள பால்மா ரின்னுக்குள் போனது. பழுப்பு அட்டையில் சிவப்புக் குறி தூரத்துக்குத் தெரியவில்லை. வெள்ளைத் தாள் ஒட்டிக் கறுப்பால் எழுதி, ஓரத்தை மட்டும் சிவப்பாக்கவேண்டி வந்தது.

பெற்றோர் வந்தார்கள். "ரீச்சர், பிள்ளையின்ர கொப்பியில ஒண்டும் இல்லையே, படிப்பிக்கிறேல்லையோ?" நியாயமான கேள்வி. படிப்பு முறிந்துபோன தாய் தகப்பனுக்குக் கொப்பிதான் சாட்சி. வாரத்துக்கு ஒரு நாள், அன்றைய கதையைப் பிள்ளை தன் கையால் இரண்டு வரி எழுதி, வீட்டில் வாசித்துக் காட்டி, கேட்டவர் ஒரு கோடு போட்டு அனுப்புவது என்று வைத்தபின் அந்தக் கேள்வி குறைந்தது. கையெழுத்து வேண்டாம், கோடு போதும். கையெழுத்துக் கேட்டால் சிலர் கொப்பியையே திறக்கமாட்டார்கள்.

தவணைப் பரீட்சை இன்னும் முள். தாளும் பேனையுமாக வைத்தால் நாவலின் புள்ளி மாறாது. பள்ளிக்குள் அதிபரின் இணக்கத்தோடு கேள்வியை வாசித்துக் காட்டலாம், பதிலைத் தொட்டுக் காட்டச் சொல்லலாம், நேரம் கூட்டலாம். தரம் 5 புலமைப்பரிசில் போன்ற பரீட்சைத் திணைக்களப் பரீட்சைகளில் மேலதிக நேரம் முதலான சலுகைக்கு முன்கூட்டியே, மருத்துவச் சான்றோடு விண்ணப்பிக்கவேண்டும். தரம் 5 இரண்டாம் தவணையில் ஓடித் திரிந்து பலனில்லை, தரம் 3 இலேயே பிள்ளைக்கென்று ஆவணக் கோவை திறக்கப்படவேண்டும்.

ஒரு தவணை முடிய

வீரைக்குக் கொம்பும் காலும் இப்போது பிரிந்துபோவதில்லை; ஆனால் வேகம் இன்னும் குறைவு, நீண்ட வினைச்சொற்களில் நடுவில் மூச்சு விடுகிறான். அடுத்த வேலை சொல்லைத் துண்டாக்குவது: வந்து / கொண்டு / இருக்கிறார்கள். பாலை மருந்துக்குப் பிறகு சொல்லின் வாலை எழுதுகிறாள். மழை நாளில் பழையபடி. நாவல் சோடியில் வாசித்துக் கொடுப்பவன் ஆகிவிட்டான். பேச்சு இழுபடுவதால் கூட இருப்பவர் பொறுமையாகக் கேட்கவேண்டியிருக்கிறது, அது அவருக்கும் கெடுதல் இல்லை. முதிரைக்குப் பத்துக்குமேல் சொல். ஒலியைப் பிரிப்பது இன்னும் தொடங்கவில்லை, தன் பெயரின் முதலெழுத்தை வேறு சொல்லில் கண்டு தொட்ட நாளிலிருந்து அதற்குக் கதவு திறந்திருக்கிறது.

தீராதது வரவு. காலபோக நெல் அறுவடைக் கிழமைகளில் வகுப்பில் இடைவெளி விழும், யானை நடமாட்டம் கூடினால் காலையில் தூரத்துப் பிள்ளைகள் பிந்தும். ஒரு குறியை இரண்டு வாரம் விடாமல் கற்பிக்கும் முறைக்கு ஒரு வாரம் வராத பிள்ளை பெரிய அடி. நாட்காட்டித் தாள்களைக் கழற்றாமல் அடுக்கடுக்காய் ஆணியில் விட்டு, வந்த பிள்ளையோடு சோடி உட்கார்ந்து தவறிய கதைகளைப் பின்னுக்குப் புரட்டி வாசிப்பது ஓரளவு உதவியது.

தரம் 4 ஆசிரியருக்குப் போவது ஒரு தாள். 22 பெயர், ஒவ்வொன்றுக்கும் நேரே எந்தக் குறி வரை வந்தாயிற்று, கடைசியாகச் செய்த பிழை எது அப்படியே, எங்கே இருத்தவேண்டும், எந்த வழியில் பதில் சொல்லும். "மெல்லக் கற்போர்" என்ற நிரல் அதில் இல்லை. வீரைக்கு நேரே "கெரடி" என்று எழுதி, வெட்டி, திகதி போட்டிருக்கிறது.